தண்டி யாத்திரையை மணலில் செதுக்கியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடற்கரை விழா ஒன்றுக்கு வரலாற்றுக் காட்சி ஒன்றை மணலில் செய்து தர வேண்டும் என்று ஒரு சிற்பக் குழுவுக்கு அழைப்பு வந்தது. எந்தக் காட்சி என்பதை விழாக் குழுவே முடிவு செய்துவிட்டிருந்தது. 1930-இல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டி வரை நடந்த உப்பு யாத்திரை. நான் செதுக்குபவன் இல்லை. படம் எடுப்பது, அளவு குறிப்பது, யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுதி வைப்பது, இவ்வளவுதான் அந்தக் குழுவில் என் வேலை. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் விழா நடந்த இடத்தையும் விட்டுவிட்டேன், அவை இல்லாமலே விஷயம் புரியும்.

குழுவில் முதன்மைச் சிற்பி ஒருவர், உதவிச் சிற்பிகள் சிலர், மணல் நிரப்பி இடிக்கும் ஆட்கள். இவர்களோடு வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் சேர்க்கப்பட்டிருந்தார். அவரைச் சேர்த்தது விழாக் குழு இல்லை, முதன்மைச் சிற்பிதான். முன்பு வேறொரு இடத்தில் ஒரு போர்க்காட்சியைச் செய்து முடித்த பிறகு, அந்தக் காலத்தில் இல்லாத ஆயுதத்தை வீரன் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பார்வையாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது அவரை ரொம்ப நாள் உறுத்தியிருக்கிறது.

மணலில் வரலாறு சொல்வது புதிதில்லை. பூரி கடற்கரையில் கவிஞர் பலராம் தாஸ் மணலில் தேர் செய்து வழிபட்டதாக ஒடிசாவில் ஒரு மரபுக்கதை உண்டு. இன்று சுதர்சன் பட்நாயக்கின் சிற்பங்களால் அந்தக் கரை உலகத்துக்கே தெரியும். ஜப்பானின் தொத்தோரியில் மணற்சிற்பங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2006-இல் தொடங்கப்பட்டு இயங்கி வருகிறது. அங்கே கண்காட்சிக்குக் கண்காட்சி ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றையும் பண்பாட்டையும் செதுக்குகிறார்கள், முடிந்ததும் இடித்து அதே மணலை மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே கூரை இருக்கிறது. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது திறந்தவெளி, காற்று, எதிரே கடல்.

காட்சியைப் பற்றி முன்பே தெரிந்திருந்தவை

1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து புறப்பட்டார்கள். காந்தியுடன் 78 பேர், அத்தனை பேரும் ஆண்கள். சுமார் 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5 அன்று தண்டியை அடைந்தார்கள், மறுநாள் காலை காந்தி உப்பை அள்ளினார். அள்ளுவதற்கு உப்பு கிடைக்கக் கூடாது என்று காவல் துறையினர் கரையில் படிந்திருந்த உப்பை முன்கூட்டியே சேற்றோடு கலந்துவிட்டிருந்தார்கள், அதனால் அவர் எடுத்தது வெள்ளை வெளேர் என்ற உப்பு இல்லை, சேறு கலந்த உப்புக் கட்டி. அப்போது காந்திக்கு வயது 60. இவ்வளவும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள்.

இந்தக் காட்சிக்கு ஏற்கெனவே மக்கள் மனத்தில் ஒரு உருவம் இருக்கிறது, அதுதான் சிக்கலும். ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் செதுக்கிய லினோகட் (லினோலியத் தகட்டில் வெட்டி அச்சிடும்) படம், தடி ஊன்றி நடக்கும் காந்தி, அது பாடப்புத்தகம் வரைக்கும் போயிருக்கிறது. டெல்லியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த பதினோரு பேர் கொண்ட வெண்கலச் சிற்பத்தைப் பார்த்தவர்கள் அதுதான் தண்டி என்று நம்புகிறார்கள். அந்தச் சிற்பத்தில் பெண்களும் இருக்கிறார்கள். இது பின்னால் பெரிய வாக்குவாதமாக வந்து நின்றது.

மணலைப் பற்றிய முதல் கவனிப்பு

மணல் எதனால் நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதை ஒட்டியவை. மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் நீர் இருந்தால் அது துகளுக்குத் துகள் மெல்லிய பாலம் போட்டு இழுத்துப் பிடிக்கிறது. நீர் கூடினால் பாலம் மறைந்து குழம்பாகிவிடும், வற்றினால் பொலபொலவென்று உதிரும். 2012-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கன அளவில் 1 சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும்போதுதான் ஈர மணல் அதிக வலுவோடு இருக்கிறது என்று கண்டது. அதே ஆய்வின் கணக்குப்படி ஒரு மணல் தூணின் உயரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் அடியின் ஆரத்தை ஏறத்தாழ 2.8 மடங்காக்க வேண்டும். ஆகவே உயரமாக, மெலிதாக எதையும் கேட்காதீர்கள் என்று சிற்பிகள் சொல்வதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. டென்மார்க்கின் பிளோக்ஹுஸில் 2021-இல் 21.16 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய மணல் கோட்டையைப் பாருங்கள், அது கிட்டத்தட்ட பிரமிடு வடிவத்தில்தான் இருந்தது, மணலோடு களிமண்ணும் கலந்திருந்தார்கள்.

துகளின் வடிவமும் முக்கியம். அலையில் உருண்டு உருண்டு மழுங்கிய மணல் கோலிக்குண்டு போல ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும், முனை மழுங்காத மணல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கூடவே கொஞ்சம் வண்டல் இருந்தால் இன்னும் நல்லது. அதைச் சோதிக்க எளிய வழி, ஒரு பாட்டிலில் பாதி மணல், பாதி நீர் ஊற்றிக் குலுக்கி வைப்பது. நீர் சீக்கிரம் தெளிந்தால் வண்டல் இல்லை, கலங்கலாகவே நின்றால் செதுக்கத் தோதான மணல். முதன்மைச் சிற்பி விழாக் கரையின் மணலை இப்படிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து லாரியில் மணல் வந்தது. முதல் லோடு நன்றாகக் கலங்கியது, கையில் பிடித்த உருண்டை மணலில் உருட்டிவிட்டாலும் உடையவில்லை. இரண்டாவது லோடு வந்தபோது மாலையாகிவிட்டது, லாரிக்காரர் அவசரப்படுத்தினார், பாட்டிலை யாரும் எடுக்கவில்லை.

வடிவமைப்பில் எடுத்த முடிவுகள்

தனித்தனி ஆளாக நிறுத்தாமல், சுமார் 8 மீட்டர் நீளமுள்ள சுவராகக் கட்டி அதில் புடைப்புச் சிற்பமாகச் செய்வது என்று முடிவானது. காரணம் தடி. நடக்கும் மனிதன், மெலிந்த கால்கள், கையில் நீண்ட மூங்கில் தடி: மணலில் செய்யவே கூடாத உருவம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லலாம். தனியாக நிற்கும் தடியை மணலில் செய்ய முடியாது, உள்ளே குச்சி வைத்துச் செய்வதை முதன்மைச் சிற்பி ஒப்புக்கொள்ள மாட்டார், அவருடைய கணக்கில் அது ஏமாற்று. சுவரோடு ஒட்டிய புடைப்பில் தடிக்குப் பின்னால் மணல் இருக்கும், நிழல் விழும்படி ஓரங்களை மட்டும் ஆழமாக வெட்டிவிட்டால் தூரத்திலிருந்து தடி தனியாகத் தெரியும். நந்தலால் போஸின் படமும் வெறும் கறுப்பு வெள்ளைதானே, இருட்டும் வெளிச்சமும் சரியாக விழுந்தால் போதும் என்று அவர் சொன்னார்.

78 பேரையும் காட்டுவதா என்று ஒரு கேள்வி. முன்னால் நான்கைந்து பேர் நன்றாகப் புடைத்து, அடுத்து ஒரு வரிசை தோள்கள் வரை, அதற்குப் பின்னால் குல்லாய்களும் தடி முனைகளும் மட்டும் தேயத் தேயத் தெரிவது போல. எண்ணிப் பார்ப்பவர்களுக்கு 78 கிடைக்காது, ஆனால் கூட்டம் நீள்கிறது என்ற உணர்வு வரும். ஆசிரியைக்கு இதில் மறுப்பு இல்லை, அறிவிப்புப் பலகையில் எண்ணிக்கையைச் சரியாக எழுதினால் போதும் என்றார்.

திசையைப் பற்றி நடந்த பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பார்வையாளர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்களோ அந்தப் பக்கத்தில் ஊர்வலத்தின் வால், மறுமுனையில் காந்தி. வருபவர்கள் கடைசி ஆளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கி, கூட்டத்தைக் கடந்து முன்னே போய்க் காந்தியைப் பார்ப்பார்கள். விழாக் குழு முதலில் காந்தி நுழைவாயில் பக்கமே இருக்கட்டும் என்றது, படம் எடுக்க வசதி என்று. பிறகு விட்டுக்கொடுத்தார்கள்.

மணலைத் தொடும் முன் கையளவு களிமண்ணில் மாதிரி ஒன்று செய்யப்பட்டது. அதைப் பார்த்த ஆசிரியை முதலில் கேட்டது, காந்திக்கு யார் குல்லாய் போட்டது என்று. உதவிச் சிற்பி ஒருவர், எல்லோர் தலையிலும் காந்தி குல்லாய் இருக்கும்போது காந்திக்கு மட்டும் இல்லாமலா என்று நினைத்துப் போட்டுவிட்டிருக்கிறார். 1930-இல் காந்தி குல்லாய் அணிவதில்லை, மொட்டைத் தலைதான், உடன் நடந்தவர்களுக்குத்தான் குல்லாய். களிமண்ணில் அதை எடுக்க ஒரு விரல் போதும். மணலில் இது வேறு மாதிரி ஆகியிருக்கும், ஏனென்றால் மணல் மேலிருந்து கீழே செதுக்கப்படுவது. சென்ட்ரிங் பலகைகளால் அடுக்கடுக்காகப் பெட்டி அமைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் நீர் விட்டு, திமிசுக் கட்டையாலும் கம்பாக்டராலும் இடித்து நிரப்புகிறார்கள். பிறகு உச்சிப் பெட்டியைக் கழற்றி அந்த அளவுக்குச் செதுக்கி முடித்த பின்புதான் அடுத்த பெட்டியைக் கழற்றுவார்கள். கீழே போன பிறகு மேலே ஏற வழி இல்லை, ஏறினாலும் உதிரும் மணல் கீழே முடித்த வேலையைக் கெடுத்துவிடும். ஆகவே தலை முதலில் முடிகிறது, பாதம் கடைசியில். இது யார், எந்தப் பக்கம் பார்க்கிறார், தலையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் முதல் நாளே மாற்ற முடியாதபடி உறுதியாகிவிடும். வரலாற்றுக் காட்சியில் சந்தேகங்கள் அதிகம் வருவதும் இதே தலை விஷயங்களில்தான்.

இதை வைத்து ஆசிரியை ஒரு தாளில் மூன்று பத்தி எழுதிக் கொடுத்தார். கட்டாயம் இருக்க வேண்டியவை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லாதவை, இருக்கவே கூடாதவை. காந்தியின் இடுப்பில் தொங்கும் கடிகாரம் இரண்டாவது பத்தியில் இருந்தது. நேரு மூன்றாவது பத்தியில் இருந்தார், அவர் அந்த ஊர்வலத்தில் நடக்கவில்லை.

செதுக்கும்போது தெரிந்தவை

உச்சிப் பெட்டி கழன்றதும் வேலை நன்றாகவே போனது. தலைகள், தோள்கள், சால்வையின் மடிப்புகள். முதன்மைச் சிற்பி காந்தியின் காதைச் செதுக்கியதை மட்டும் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சின்னக் கத்தி முனையால் மடலின் உட்பள்ளத்தைத் தோண்டுகிறார், தோண்டிய மணலைக் கையால் தட்டுவதில்லை, உறிஞ்சுகுழல் ஒன்றை உதட்டில் வைத்து மெல்ல ஊதிவிடுகிறார். ஊதி முடித்ததும் கழுத்தைச் சாய்த்துக் கீழிருந்து பார்க்கிறார், ஏனென்றால் பார்வையாளர்களின் கண் காதுக்குக் கீழே இருக்கும்.

இரண்டாவது பெட்டியைக் கழற்றியபோது சுவரின் குறுக்கே, ஏறத்தாழ இடுப்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெளிர் நிறப் பட்டை ஒன்று ஓடியது. அந்த இரண்டாவது லோடு மணல். ஆணியால் குத்திப் பார்த்தார்கள். மேலேயும் கீழேயும் ஆணி முனை மெதுவாக இறங்கியது, பட்டையில் சட்டென்று உள்ளே போனது. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டதும் நீர் உடனே தெளிந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மாதிரிப்படி காந்தியின் கை தடியைப் பிடிக்கும் இடம் சரியாக அந்தப் பட்டையில் வந்தது. சிற்பத்திலேயே அதிகமாகப் புடைத்து நிற்கும் பகுதி அதுதான்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒன்று, மொத்தத்தையும் இடித்து மறுபடி நிரப்புவது, அதற்கு நேரம் இல்லை. இரண்டு, வெள்ளைப் பசையை நீரில் கரைத்துப் பட்டைக்குள் இறங்கும்படி ஊற்றுவது. முதன்மைச் சிற்பி இதை உடனே மறுத்தார். பசை நீரை முடித்த சிற்பத்தின் மேல் மெல்லத் தெளிப்பது வழக்கம், அது மேற்பரப்பில் ஒரு தோல் போலப் பிடித்து காற்றையும் சிறு தூறலையும் தாங்கும். ஆனால் அது மேல்தோல் மட்டும்தான், உள்ளே இருக்கும் தளர்ச்சியைச் சரிசெய்யாது, செதுக்கும் முன்பே ஊற்றினால் கத்தி பட்டதும் பொருக்குப் பொருக்காகப் பெயரும். மூன்றாவது வழி, கையை மேலே தூக்குவது. தடியை இடுப்பருகே பிடிக்காமல் மார்பளவில் பிடித்திருப்பதாகச் செய்தால் கை பட்டைக்கு மேலே, நல்ல மணலில் வந்துவிடும், பட்டை ஓடும் இடத்தில் வேட்டியின் தட்டையான பரப்பு மட்டுமே இருக்கும்.

மணல் கேட்கிறது என்பதற்காகக் காந்தியின் நடையை மாற்றலாமா? ஆசிரியை அங்கேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. யாத்திரைப் புகைப்படங்களை எடுத்துவைத்து வரிசையாகப் பார்த்தார்கள். நீளமான தடி, அதை உயர்த்திப் பிடித்து நடப்பதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கத்தி எடுக்கப்பட்டது. உண்மையில் கை உயர்ந்ததும் தோளின் சாய்வு கூடியது, நடையில் ஒரு வேகம் வந்தது, மாதிரியைவிட இதுதான் நன்றாக இருந்தது என்பது என் கருத்து. முதன்மைச் சிற்பி அப்படிச் சொல்ல மாட்டார்.

அதே நேரம் பின்னால் வரும் மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவருடைய தோள்பை இடுப்பில் தொங்கும்படி, நன்றாகப் புடைத்துச் செதுக்கப்பட்டிருந்தது, அதுவும் அந்தப் பட்டையில்தான். மதியக் காற்றில் அந்தப் பக்கம் சீக்கிரம் காய்ந்தது. மேலே இருந்த நல்ல மணல் ஈரத்தோடு கனமாக இருக்க, கீழே பட்டை வறண்டு பிடிப்பை விட, பையும் இடுப்பும் ஒரே துண்டாக வழுக்கி விழுந்தன. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

விழுந்த இடத்தில் ஈர மணலை அப்பி ஒட்டலாமே என்றார் விழாக் குழுக்காரர் ஒருவர். பார்ப்பவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் இடித்து இறுக்கிய மணலின் மேல் கையால் அப்பிய மணலுக்கு அந்த இறுக்கம் வராது, காய்ந்ததும் இரண்டுக்கும் நடுவே கோடு விட்டு மறுபடி விழும். குழு வேறு வழியில் போனது. அந்த ஆளை இன்னும் உள்ளே தள்ளி வெட்டினார்கள், தாழ்ந்த புடைப்பாக, முன்னால் போகும் இருவருக்கு நடுவே தோளும் முகமும் மட்டும் தெரியும்படி. முன்வரிசையில் ஓர் ஆள் குறைந்தார், கூட்டத்துக்கு ஆழம் கூடியது.

பெண்கள் எங்கே என்ற கேள்வி

வேலை பாதியில் இருக்கும்போது விழாவுக்குப் பெரிய தொகை கொடுத்திருந்த ஒருவர் பார்க்க வந்தார். ஊர்வலத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்துவிட்டு, பெண்களே இல்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேட்ட விதமும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் விழாக் குழுத் தலைவர் பதற்றமாகிவிட்டார். அந்த விழுந்துபோன மூன்றாவது ஆள் இன்னும் முடியாமல்தானே இருக்கிறார், அவரைப் பெண்ணாக மாற்றிவிடுங்கள் என்றார். டெல்லிச் சிற்பத்தில் இருக்கிறார்களே என்று கைப்பேசியில் படத்தையும் காட்டினார்.

செதுக்குபவர்களுக்கு இது சின்ன வேலை. குல்லாயைக் குறைத்துத் தலையில் முக்காடாக்கினால் போதும். முதன்மைச் சிற்பிகூட, செய்துவிடலாமே, கூட்டத்தில் ஒரு முகம்தானே என்கிற மனநிலையில் இருந்தார்.

ஆசிரியை முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அசையவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது. சபர்மதியிலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தில் பெண்கள் தற்செயலாக இல்லாமல் போகவில்லை, வேண்டாம் என்று காந்தியே முடிவு செய்தார். பெண்களை முன்னால் நிறுத்தினால் அரசு தாக்கத் தயங்கும், அது அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது போல ஆகும் என்பது அவர் கருத்து. இதை அன்றைக்கே பெண்கள் எதிர்த்தார்கள், சுதந்திரப் போராட்டத்தில் இருந்த குர்ஷெத்பென் நௌரோஜியும் பெண்ணுரிமைக்காகப் பாடுபட்ட மார்கரெட் கசின்ஸும் கண்டனம் தெரிவித்தார்கள். இப்போது நாம் ஊர்வலத்துக்குள் ஒரு பெண்ணைச் செதுக்கிவிட்டால் அவர்கள் எதிர்த்த விஷயமே நடக்காதது போல ஆகிவிடும், கௌரவப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு அழித்துவிடுவோம். டெல்லிச் சிற்பம் தண்டி ஊர்வலத்தின் புகைப்படம் இல்லை, அது சிற்பியின் கற்பனைத் தொகுப்பு, அதில் அப்படி இருக்கலாம். நாம் பலகையில் நாள், ஊர், ஆள் எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்துவிட்டு அப்படிச் செய்ய முடியாது.

தலைவர் விடவில்லை. அப்படியென்றால் இந்தப் போராட்டத்தில் பெண்களுக்கு இடமே இல்லையா என்றார். அந்தக் கேள்வியில்தான் வழியும் கிடைத்தது. இடம் இருந்தது, ஊர்வலத்தில் இல்லை, உப்பில். ஏப்ரல் 6 காலை தண்டியில் சரோஜினி நாயுடு இருந்தார், அடுத்த மாதம் 21-ஆம் தேதி தாராசனா உப்புக் கிடங்கை நோக்கிய போராட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார். காந்தி குனிந்து உப்பை எடுக்கும் பிரபலமான புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் சுதந்திரப் போராட்ட வீராங்கனை மிதுபென் பெட்டிட் நிற்கிறார். சுவரின் முன்முனைப் பக்கம், தலைப்பு எழுதுவதற்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது, அங்கே இடித்த மணல் அப்படியே நின்றது. அந்தப் பக்கத்தில் உப்பு எடுக்கும் காட்சியைச் செய்வது என்று முடிவானது. குனிந்த காந்தி, பின்னால் நிற்கும் பெண். ஊர்வலத்தோடு நடந்து வருபவர் காந்தியைத் தாண்டித் திரும்பினால் இந்தக் காட்சி எதிர்ப்படும்.

குனிந்த உருவம் மணலுக்கு மிகவும் ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும், கனம் முழுக்கக் கீழே, மெலிதாக எதுவும் நீட்டிக்கொண்டு இல்லை. அதைச் செய்ய ஆன நேரம் ஊர்வலத்தில் ஒற்றைத் தடிக்கு ஆனதைவிடக் குறைவு என்று நினைக்கிறேன்.

தொகை கொடுத்தவர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குத் திருப்தியா இல்லையா என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

உண்மையான உப்பு

குனிந்த காந்தியின் கையில் கொஞ்சம் நிஜ உப்பை வைக்கலாம் என்பது விழாக் குழுவின் யோசனை. மணலிலேயே செய்த கைப்பிடி மணல் தூரத்திலிருந்து உப்பு என்று தெரியவில்லை என்பது உண்மைதான். இதில் ஆசிரியைக்கும் தயக்கம், வெள்ளை உப்பு என்றால் அது தண்டியில் எடுத்த சேற்று உப்பு ஆகாது என்று. ஆனாலும் இதற்கு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. கல்லுப்பு வைக்கப்பட்டது.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும், கடற்கரை இரவில் அது தாண்டாமல் இருப்பதே அபூர்வம். காலையில் பார்த்தபோது உள்ளங்கையில் உப்பு பாதி காணோம். கரைந்த நீர் சுண்டுவிரலின் ஓரமாக வழிந்து, மணிக்கட்டு வரை ஒரு கரிய ஈரக் கோடு இறங்கியிருந்தது, சுண்டுவிரலின் நுனி மழுங்கியிருந்தது. நுனியைச் சற்றுக் குறைத்துச் சரிசெய்தார்கள். பிறகு மாலையில் கூட்டம் வரும் நேரத்தில் ஒரு சின்ன இலைத்துண்டின் மேல் உப்பை வைப்பது, விளக்கணைக்கும்போது எடுத்துவிடுவது என்று ஏற்பாடானது.

பின்விளைவுகள்

விழா முடியும் வரை சிற்பம் நின்றது. ஒரு இரவு தூறல் போட்டது. தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று பேச்சு வந்தது, காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் தூறலைவிட அதிகமாகக் கெடுக்கும் என்று முதன்மைச் சிற்பி வேண்டாம் என்றுவிட்டார். பசை நீர் பிடித்த பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன, அதோடு சரி. வெளிர்ப் பட்டை ஓடிய இடத்தில் வேட்டியின் மேல் ஒரு முடியளவு விரிசல் தெரிந்தது, வளரவில்லை.

வெளிச்சம் ஏமாற்றியது. விழாக் குழுவின் மின்விளக்குக்காரர் பெரிய விளக்கை நேர் எதிரே வைத்துவிட்டார். நேர் வெளிச்சத்தில் புடைப்பு தட்டையாகிவிட்டது, தடி எது, பின்னால் இருக்கும் சுவர் எது என்றே தெரியவில்லை. விளக்கை ஓரமாக, தரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்ததும் நிழல் விழுந்து உருவங்கள் வெளியே வந்தன. முதல் மாலை வந்தவர்கள் பார்த்தது பாதிச் சிற்பம்தான்.

பார்வையாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நான் குறித்து வைத்ததில், வாலிலிருந்து நடக்கத் தொடங்கியவர்கள் எங்கள் எண்ணப்படியே நடந்தார்கள், பிள்ளைகள் பலர் ஊர்வலத்தோடு சேர்ந்து கை வீசி நடந்தும் காட்டினார்கள். ஆனால் செல்ஃபி எடுக்க வந்தவர்கள் நேராகக் காந்தியிடம் போய்விட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் முனையைத் தாண்டித் திரும்பவே இல்லை, உப்புக் காட்சியைப் பார்க்கவில்லை. இந்தக் கூட்டத்தில் நேரு எவர் என்று பலர் கேட்டார்கள். பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டவர்களும் உண்டு, அவர்களில் முனைப்பக்கத்தைப் பார்க்காதவர்களே அதிகம். ஆசிரியை இருந்த மாலைகளில் அவரே விளக்கினார், இல்லாத மாலைகளில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. பலகை இருந்தது, ஆனால் காந்திக்குப் பக்கத்தில், படம் எடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால்.

அடுத்த முறை மாற்றப் போவது

ஒவ்வொரு லோடும் லாரியிலிருந்து இறங்கும் முன்பே பாட்டில் சோதனை, லாரிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும். வேறு மணலாக இருந்தால் தனியாகக் கொட்டி, எல்லாவற்றையும் கலந்துதான் நிரப்புவது. தவிர்க்கவே முடியாமல் இரண்டு மணல் வந்தால் மட்டமானதை மேலே ஏற்றாமல் அடித்தளத்துக்கு மட்டும் போடுவது.

வரலாற்றுச் சந்தேகங்களை எழுப்பும் உரிமை உள்ள எல்லோரும், பணம் கொடுப்பவர் உட்பட, களிமண் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே உச்சிப் பெட்டியைத் திறப்பது. முனைப்பக்கம் வெறுமையாக இருந்ததால் இந்த முறை பெண்கள் பற்றிய கேள்விக்கு விடை கொடுக்க முடிந்தது. அது இல்லாதிருந்தால், நெருக்குதலில் மூன்றாவது ஆள் பெண்ணாகியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆசிரியை செதுக்கும் நாட்கள் முழுவதும் இருப்பதும் இனி ஒப்பந்தத்திலேயே எழுதப்படும். கையைத் தூக்கும் முடிவுக்கு அவர் அங்கே இல்லாதிருந்தால் தொலைபேசியில் விளக்கிப் புரியவைக்க ஒரு பகல் போயிருக்கும், அதற்குள் மணல் காய்ந்திருக்கும்.

பலகை ஊர்வலத்தின் வாலில், நடக்கத் தொடங்கும் இடத்தில் வைக்கப்படும். மறுபக்கமும் பாருங்கள் என்று ஓர் அம்புக்குறியும். விளக்கு எங்கே என்பதை மின்விளக்குக்காரர் கையில் விடாமல், படம் வரையும்போதே குறித்துத் தருவது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழுவுக்குள் உடன்பாடு இல்லை. உப்புக் காட்சியைத் தனிச் சிற்பமாகப் பெரிதாக, நுழைவாயிலிலேயே வைக்க வேண்டும், அப்போதுதான் எல்லோரும் பார்ப்பார்கள் என்கிறார் ஆசிரியை. முடிவை முதலிலேயே காட்டிவிட்டால் 8 மீட்டர் யார் நடப்பார்கள் என்கிறார் முதன்மைச் சிற்பி. அடுத்த அழைப்பு வந்தால் களிமண்ணில் இரண்டு மாதிரியும் செய்து பார்ப்பதாக இருக்கிறார்கள்.